உள்ளங்கைச் சூடு

அழுத்தவும் கூடாது, எடுக்கவும் கூடாது. தூங்குகிற பூனைமேல் கையை வைத்திருப்பது மாதிரி வைத்திருங்கள் என்று ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன், இத்தனைக்கும் நான் பூனை வளர்த்ததில்லை. ஆனால் அங்கே மேசைமேல் விரித்திருப்பது ரப்பர் தோல், அதற்கு மூச்சு கிடையாது. இது ஏறி இறங்குகிறது, ஏறும்போது என் கையையும் தூக்கிக்கொண்டு போகிறது. இது அப்பாவின் வயிறு. வலது பக்கம் கடைசி விலா எலும்புக்குக் கீழே என் உள்ளங்கை, அதற்கடியில் அந்தப் பேட்ச், பத்து ரூபாய் நாணயத்தின் அகலம், நனைந்த அப்பளம் மாதிரி மெத்தென்ற ஒரு வட்டம். அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் இருக்கின்றன, ரத்தம் வரைக்கும் போகாது, தோலுக்குள் ஊறுகிற நீரை மட்டும் தொட்டுப் பார்க்கும், தொட்டதை என் செல்போனுக்குச் சொல்லும். பசை இறுகி ஊசிகள் நிலைகொள்ள அரைமணி நேரமாவது ஆகும், அதுவரை மேலிருந்தும் ஒரு சூடு வேண்டும், ஒரே அளவான சூடு, ஒரே அளவான பாரம். அப்பா இரும்புக் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறார். ஞாயிறு பூசைக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையில் கீழ்ப் பொத்தான்களை மட்டும் கழற்றியிருக்கிறார், மேலே கழுத்துவரை போட்டது போட்டபடி இருக்கிறது, மகளுக்கு முன்னால் அவ்வளவுதான் முடியும் போல. நான் கட்டிலோடு ஒட்டித் தரையில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். "வலிக்குதாப்பா?" என்றேன். ரயில்வே பட்டறையில் வாழ்நாளெல்லாம் கொதிகலன் தட்டிய காது, வலது காது சுத்தமாக இல்லை, நான் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். மறுபடி சத்தமாகக் கேட்டேன். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நீ பாட்டுக்கு வேலையப் பாரு" என்றார், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

வேலை. இதற்கு ஒரு பெல்ட் இருக்கிறது. இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டால் அதுவே சூடாகும், அதுவே அளவாக அழுத்தும், கட்டிவிட்டு நாம் போய் டீ குடிக்கலாம். ஆய்வகத்தில் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் சுருட்டி வைத்திருக்கிறது. கிளம்பும்போது பேட்ச் எடுத்தேன், ஸ்பிரிட் எடுத்தேன், பஞ்சு எடுத்தேன், இழுப்பறையைத் திறந்ததுகூட நினைவிருக்கிறது. மறந்துவிட்டேனா. அப்படித்தான் இருக்க வேண்டும், ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் அதற்கு முந்தின நாளே போனில் அவரிடம் சொன்னேனே, அரைமணி நேரம் நான் கையை வைத்துக்கொண்டே இருக்கணும்ப்பா, அசையாம படுத்திருக்கணும், முடியுமா என்று. அப்போது பெல்ட் ஞாபகம் வரவில்லையா. வந்திருக்கும். வராமலும் இருந்திருக்கும். இதில் என்ன இருக்கிறது, கையும் பெல்ட்டும் ஒன்றுதான், நாங்களே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறோம், பெரிய வித்தியாசம் இல்லை. சொல்லாமல் விட்டது வேறொன்று. நோய் இல்லாதவர்கள் வயிற்றிலும் ஒட்டிப் பார்க்க வேண்டும், ஒப்பிடுவதற்கு, அதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றுதான் அவரிடம் சொன்னேன். அது பொய்யில்லை, ஆள் தேடிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் ஈஸ்டருக்கு வந்திருந்தபோது அவர் பேண்ட் பெல்ட்டில் ஆணியால் குத்திய ஒரு புது ஓட்டையைப் பார்த்தேன், அதற்குப் பக்கத்தில் அதைவிடப் புதிதாக இன்னொன்று. கறியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். முன்பு ஒரு ரத்ததான முகாமில் உங்களுக்கு மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறது, ரத்தம் எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்களே, அதற்கப்புறம் அவர் அதை யாரிடமும் காட்டவில்லை, அம்மாவும் நச்சரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று நான் கேட்கவில்லை. அம்மா போய்த் திரும்பி வராத இடத்துக்கு அவர் வரமாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதனால் நோய் இல்லாதவர் என்ற பெயரில் அவரைச் சேர்த்தேன். சரி என்றார். உடனே சொன்னார். எதற்கும் உடனே சரி சொல்கிறவர் இல்லை, என் அப்பா சிங்கராயர்.

என் கைக்குக் கீழே ஏதோ துடிக்கிறது, என் நாடியா அவருடையதா தெரியவில்லை. எத்தனை வருடம் ஆகியிருக்கும் இவரைத் தொட்டு. நான் பெரிய மனுஷியான வாரத்தோடு நின்றுபோனது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, ஒருநாள் நான் சைக்கிளில் முன்னால் ஏறப்போனேன், அவர் பின்னால் உட்காரும்மா என்றார், அவ்வளவுதான். அதற்கு முன்னால் உய்யக்கொண்டான் வாய்க்காலில் நீச்சல் பழக்கினார். என் வயிற்றுக்கு அடியில் அவர் உள்ளங்கை இருக்கும், நான் கையைக் காலை உதைத்துக்கொண்டு, விட்றாதீங்க விட்றாதீங்க என்று கத்துவேன், விடல விடல என்பார். தண்ணீரின் ஜில்லிப்புக்கு நடுவில் அந்த ஓரிடம் மட்டும் சூடாக இருக்கும். எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை, திரும்பிப் பார்த்தால் தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார், அந்த நொடியில் மூழ்கினேன். கல்லறைத் தோட்டத்தில் அம்மாவை இறக்கும்போது பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம். என்னைச் சித்தி கட்டிப்பிடித்திருந்தாள், அவரைப் பட்டறைக்காரர்கள் தோளில் கை போட்டுப் பிடித்திருந்தார்கள், ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் அழுதிருந்தால் என்ன ஆகியிருக்கும். ஒன்றும் ஆகியிருக்காது. அழுதிருப்போம். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷனுக்கு வந்து பையைத் தூக்கி ரயிலுக்குள் வைப்பார், பையின் வாரை நான் வாங்கும்போது அவர் விரலைத் தாண்டித்தான் பிடிப்பேன். போய்ட்டு போன் பண்ணு. ம். இவ்வளவுதான் பேச்சு.

கை கனக்கிறது. முழங்கையைக் கட்டில் சட்டத்தில் லேசாகச் சாய்த்துக்கொள்கிறேன், இரும்பு குத்துகிறது, பரவாயில்லை. சென்னையில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், தொடுவதுதான் உன் வேலையே என்பார்கள். மென்மையாகத் தொடுகிற இயந்திரக் கை ஒன்றை எங்கள் குழு செய்திருக்கிறது, அதன் விரல்களுக்குப் போட்ட தோலைத்தான் பிறகு இந்தப் பேட்சுக்கும் எடுத்துக்கொண்டோம். தக்காளியை நசுக்காமல் எடுக்கும், பழுத்ததா காயா என்று தொட்டே சொல்லும், அதற்காக வண்டி வண்டியாகத் தக்காளி வாங்கிப் பழக்கினோம், வாரக் கணக்கில் எல்லோர் வீட்டிலும் ரசம்தான். பார்க்க வருகிறவர்கள் அதோடு கைகுலுக்குவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒரு மாலை எல்லோரும் கிளம்பிப் போன பிறகு நான் மட்டும் இருந்தேன், வேளச்சேரி அறைக்குப் போய் என்ன செய்யப்போகிறோம் என்று சும்மா இருந்தேன். அந்தக் கை மேசைமேல் மல்லாந்து கிடந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்து அதில் என் கன்னத்தை வைத்தேன். விரல்கள் மெதுவாக மூடிக்கொண்டன. ரொம்ப மெதுவாக, அப்படித்தானே நான் எழுதி வைத்திருந்தேன். முகத்தின் பாதியைப் பிடித்துக்கொண்டு அது யோசித்தது. பிறகு திரையில், பழுத்தது, என்று வந்தது. சிரித்தேன். சிரித்துவிட்டு அப்படியே இருந்தேன், கன்னத்துக்கு அடியில் ரப்பர் என் சூட்டை வாங்கிச் சூடாகிக்கொண்டிருந்தது, அது என் சூடுதான் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. காவலாளி விளக்கை அணைக்க வந்த சத்தத்தில்தான் எழுந்தேன். இதை எதற்கு இப்போது நினைக்கிறேன். அப்பாவின் தோல் அப்படி இல்லை. நான் நினைத்ததைவிட மெல்லிசாக, தளர்ந்து, கொஞ்சம் ஈரமாக, அங்கங்கே நரைத்த முடியோடு. மேலே தோலின் சூடு, அடியில் ஏதோ கெட்டியாக. கெட்டியாக இருக்கிறதா. நான் டாக்டர் இல்லை, நான் படித்தது பொருள்களின் இறுக்கத்தை அளக்க, ஈரல் எங்கே முடியும் விலா எங்கே தொடங்கும் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. விரலை அசைக்காதே. அழுத்தவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

செல்போன் தரையில் என் முட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கோடு வர ஆரம்பித்துவிட்டது. ஈரலில் கட்டி வந்தால் உடம்பில் கூடுகிற ஒரு புரதத்தை அது தேடுகிறது. தாய் வயிற்றில் இருக்கும் சிசுவின் ஈரல்தான் அதை ஏராளமாகச் சுரக்கும், பிறந்ததும் அடங்கிப்போகும், பிறகு வாழ்நாள் முழுக்க வேண்டியிராது. வயதான ஈரல் ஒன்று மறுபடி அதைச் சுரக்கத் தொடங்கினால் அது தன் வயதை மறந்துவிட்டது என்று கருத்தரங்குகளில் நான் சொல்வேன், கேட்கிறவர்கள் புன்னகை செய்வார்கள். கோடு கொஞ்சம் ஏறித்தான் பிறகு படுக்கும், எல்லோருக்கும் அப்படித்தான், எனக்கு ஒட்டிப் பார்த்தபோதும் அப்படித்தான். இதோ படுக்கப்போகிறது. இதோ. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ பாட்டுப் போட்டிக்கு மார்க் போடுகிறார்கள், கைதட்டுகிறார்கள். கோடு படுக்கவில்லை. வியர்வை உள்ளே இறங்கியிருக்கும். பசை சரியாக இறுகவில்லை. இந்தத் தொகுதிப் பேட்ச்சுகளில் இரண்டு முன்பே கெட்டுப்போயிருந்தன, மூன்றாவதாக இதுவும் இருக்கலாம், ரயிலில் வெயில் பட்டிருக்கும், திருச்சி வெயில், ஸ்பிரிட்டை அதிகமாகத் தேய்த்துவிட்டேன். இந்தக் கருவி தப்பாகச் சொல்லாது என்று எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன், நம்பாதவர்களிடம் எவ்வளவு கோபப்பட்டிருக்கிறேன், இப்போது தரையில் உட்கார்ந்துகொண்டு ஆண்டவரே இது பொய் சொல்லட்டும், ஐந்து வருட உழைப்பும் குப்பையாகப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோடு ஏறுகிறது. அவசரப்படாமல், தெரிந்த வீட்டு மாடிப்படியில் ஏறுகிறவர் மாதிரி ஏறுகிறது. நான் கையைக் கொஞ்சமும் அசைக்கவில்லை, அசைக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"ஏறுதா?" என்றார் அப்பா.

கண்ணை மூடியிருந்தார். அவர் கேட்டது எனக்குத்தான் காதில் சரியாக விழவில்லையோ என்று, "என்னப்பா?" என்றேன்.

"போன்ல. ஏறும், ஏறாம என்ன. ஆஸ்பத்திரில பாத்துட்டாங்க ஜெசி. ஸ்கேன்லாம் எடுத்தாச்சு. ஈரல்ல ஒரு கட்டி இருக்காம். சின்னதுதானாம், எலுமிச்சங்கா அளவுகூட இல்லயாம்."

மின்விசிறி சுற்றுகிறது. எனக்கு முதலில் வந்தது ஓர் அற்பமான நினைப்பு, அப்படியானால் கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது என்று. அதை நினைத்த தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "எப்பப்பா?" என்றேன். "தவக்காலத்துக்கு முன்னாடி" என்றார். அப்படியென்றால் ஈஸ்டருக்கு நான் வந்தபோது தெரியும். தெரிந்துகொண்டுதான் கறி வாங்கி வந்தார், தெரிந்துகொண்டுதான் ஸ்டேஷனில் பையைத் தூக்கி வைத்தார்.

"யாரு கூட வந்தா?"

"யாரும் வரல. அந்த நர்சம்மா கேட்டுச்சு, உங்ககூட யாரு வந்திருக்காங்கன்னு. ஆள் இல்லன்னா டாக்டர் சொல்ல மாட்டாரோன்னு முழிச்சேன். பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தாரு, மணப்பாறைப் பக்கமாம், சம்சாரத்தக் காட்ட வந்தவரு. அவரா எந்திரிச்சு, நான்தாங்க, இவரு தம்பின்னுட்டாரு. கூடவே உள்ள வந்தாரு. டாக்டர் எல்லாத்தையும் அவரு மூஞ்சியப் பாத்துதான் சொன்னாரு. எனக்குப் பாதி காதுல விழல. அவருதான் கேக்குறாரு, எங்கண்ணனுக்கு வலிக்குமாங்கன்னு." அப்பா கொஞ்சம் சிரித்தார், வயிறு குலுங்கி என் கை குலுங்கியது. "வெளிய வந்து டீ வாங்கிக் குடுத்தாரு. பேரு கேக்கணும்னு அப்பத் தோணல."

என் கேள்வியை ஒரு மணப்பாறைக்காரர் கேட்டுவிட்டார். என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கேட்டிருக்க வேண்டியதை, நான் கேட்டிருப்பேனா என்றே தெரியாததை. நான் என்றால் அளவு கேட்டிருப்பேன், எண் கேட்டிருப்பேன், ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருப்பேன். அந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர் மனைவிக்கு என்னவோ, அந்த அம்மா பிழைத்தாளோ. நான்கு மணி நேரத் தூரத்தில் நான் இருந்தேன், அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தேன், ரப்பர் தோலில் சூடு பரவுவதை அளந்துகொண்டிருந்திருப்பேன், இல்லை, சாப்பிட என்ன வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டு வேளச்சேரியில் நின்றிருப்பேன். "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்க வாயெடுத்தேன், அது கேட்கக்கூடிய கேள்வியில்லை என்று பட்டது, நான் இவரிடம் எதைச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதிலாக, "தெரிஞ்சதுக்கப்புறம் எதுக்கு இதுக்கு ஒத்துக்கிட்டீங்க? நோய் இல்லாதவங்களுக்குன்னுதானே சொன்னேன்" என்றேன். கோபமாகக் கேட்டுவிட்டேன், காது கேட்காதவரிடம் பேசும்போது எல்லாமே கோபமாகத்தான் வருகிறது.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"அரைமணி நேரம் கைய வச்சிருக்கணும்னியே" என்றார்.

பேட்ச் எப்போதோ ஒட்டிவிட்டது, கையை எடுக்கலாம், எடுத்தாலும் கோடு அதன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். நான் எடுக்கவில்லை, அவரும் எடு என்று சொல்லவில்லை. என் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, மற்ற கையால் துடைத்தேன், துடைக்கும் சத்தம் அந்தக் காதுக்குக் கேட்காது என்பது சௌகரியமாக இருந்தது. இவரும் இப்படித்தான் இத்தனை மாதம் இந்தக் கட்டிலில் சத்தமாகவே அழுதிருக்கலாம், தனக்கே கேட்டிருக்காது. டாக்டர் என்ன செய்யலாம் என்றார், என்று கேட்டேன், இந்த முறை மெதுவாக, அவருடைய நல்ல காதுப்பக்கம் எக்கி. ஊசி மாதிரி ஒன்றை உள்ளே விட்டு அந்தக் கட்டியை மட்டும் சுட்டுவிடலாமாம், பெரிதாவதற்குள் வந்தால் முடியுமாம், மூன்று நாள் படுத்தால் போதுமாம், அந்த டாக்டர் புதன்கிழமைதான் வருவாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்ல கேட்டுச் சொல்றேன்னேன்."

வீடு. ஒரு கட்டில், ஒரு பீரோ, அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், எனக்காக எடுத்துக் கழுவி வைத்த இன்னொரு டம்ளர். இந்த வீட்டில் அவர் யாரைக் கேட்டிருப்பார். கதவைத் திறந்து உள்ளே வந்து, விளக்கைப் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, யாரைப் பார்த்து.

"கேட்டீங்களா?"

"யாரக் கேக்குறது. எல்லாரும் சொல்ற மாதிரி நானும் சொல்லிட்டு வந்தேன்."

"இப்ப கேளுங்க" என்றேன்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கண்களின் வெள்ளையில் மஞ்சள் இருக்கிறது, லேசாகத்தான், வேண்டுமென்றே பார்த்தால்தான் தெரியும். நிஜமாகவே கேட்க வேண்டும் என்று அவருக்குப் புரிய நேரமாயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிறவர் மாதிரி ஒரு முகம், நான் அதுவரை பார்த்திராத முகம்.

"செஞ்சுக்கட்டுமா ஜெசி?"

"செஞ்சுக்கங்கப்பா. புதன்கிழமை போலாம். நான் இங்கதான் இருக்கப்போறேன்."

"ஒனக்கு லேப் இருக்கே."

"இருக்கட்டும்."

"ம்" என்றார். சம்மதத்துக்கா, லேப்புக்கா, இரண்டுக்குமா தெரியவில்லை. கட்டி பெரிதாகியிருக்குமோ, தவக்காலத்திலிருந்து இன்றைக்குவரை என்றால் என்ன கணக்கு, சுடுகிற அளவைத் தாண்டியிருந்தால். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், போடாமல் விட்டேன். புதன்கிழமை டாக்டர் போடட்டும். பேட்ச்சின் ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தேன். உரித்த இடத்தில் வட்டமாக ஒரு சிவப்பு, ஊசிகள் இருந்த இடம் வியர்க்குரு மாதிரி. அவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "அவ்ளோதானா" என்றார், கீழ்ப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பசிக்கிறதாம். கஞ்சி இருக்கிறதாம், துவையல் அரைத்தால் ஆளுக்குக் கொஞ்சம் குடிக்கலாமாம்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப்போய்விட்டன, தொட்டால் வேறு யார் காலோ மாதிரி இருந்தது. "என்னாச்சு?" என்றார். "கால் மரத்துருச்சுப்பா, போங்க, வரேன்." அவர் போகவில்லை. கட்டிலைவிட்டு இறங்கி என் முன்னால் வந்து நின்று, காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, கையை நீட்டினார்.

"பிடி."

பிடித்தேன். சொரசொரவென்று கெட்டியான கை, விரல்கள் என் மணிக்கட்டுவரை வந்து மூடிக்கொண்டன. "ம், எந்திரி" என்று இழுத்தார். இழுத்தபோது அவர் முகத்தில் எல்லாப் பலமும் தெரிந்தது, பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் கையில் அது வந்து சேரவில்லை. நான் தரையைவிட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. ஒரு நொடி அவர் கண் தடுமாறியது. நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், அவருக்குத் தெரியாத பக்கத்தில், தரையில் ஊன்றி, இன்னும் உயிர் வராத காலோடு சேர்த்து என்னை நானே மேலே தள்ளினேன். அவர் இழுத்த இழுப்பில்தான் எழுந்தவள் மாதிரி தள்ளாடி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாத்து, பாத்து" என்றார் அப்பா.